ஜன்னல்காரர் எடுக்காத படம்

ஊரில் அவரை ஜன்னல்காரர் என்று சொன்னால்தான் தெரியும். ஜன்னல் செய்கிறவர் இல்லை, விற்கிறவரும் இல்லை. போட்டோ எடுக்கிறவர். எதை எடுத்தாலும் அதைச் சுற்றி ஒரு ஜன்னலோ கதவோ வளைவோ இருந்தாக வேண்டும் மனிதருக்கு. ஒன்றும் அகப்படாவிட்டால் ஒரு மரக்கிளையைத் தேடிப் போய், அதன் கீழே குனிந்து நின்று, இலைகள் படத்தின் மேல் ஓரத்தில் தொங்கும்படி பார்த்துக்கொள்வார். இரண்டு லாரிகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்கு, பேருந்தின் பின்கண்ணாடி, சாலையோரம் இறக்கி வைத்திருக்கும் பெரிய சிமெண்ட் குழாய், இவை எல்லாமே அவருக்கு பிரேம்தான். பிரேமுக்குள் ஒரு ஆள் நிற்க வேண்டும். அந்த ஆளும் தூரத்தில், சின்னதாக நிற்க வேண்டும்.

"கடையில விக்கிற பிரேம் எதுக்கு? கண்ணைத் திறந்து பார்த்தா ஊரெல்லாம் பிரேம்தான். ஓரத்தை இருட்டா வச்சுட்டா போதும், பார்க்கறவன் கண்ணு நேரா நடுவுல போய் விழுந்துடும்" என்று டீக்கடையில் உட்கார்ந்து விளக்குவார். கேட்கிறவர்கள் சீக்கிரம் தலையாட்டி வைப்பார்கள். டீ ஆறிவிடும் என்ற கவலை அவர்களுக்கு.

ஒரு கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்த பெண்ணின் தகப்பனார், "என்ன சார் இது, என் பொண்ணை ஜெயில்ல போட்டு எடுத்த மாதிரி இருக்கு" என்று கேட்டே விட்டார். மணப்பெண் கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாதி முகத்தோடு நின்றிருந்தாள். வந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கதவிடுக்கில் தெரிந்தார்கள். அந்தப் பேச்சு நாலு தெருவுக்குப் பரவி, கல்யாண வேலைகள் வருவது குறைந்துபோயிற்று. அதன்பிறகு ஸ்டூடியோவில் மிச்சம் இருந்தது பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கிற வேலை. வெள்ளைத் திரை, ஒரு நாற்காலி, இரண்டு விளக்கு. முகம் நேராகத் தெரிய வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும். அந்த வேலையை அவர் வேண்டாவெறுப்பாகத்தான் செய்வார். "இதெல்லாம் போட்டோவா? வெறும் ஆள் அடையாளம்" என்பார்.

அவர் போட்டோ என்று மதித்தவை வேறு. அவை எல்லாவற்றிலும் ஒரே ஆள்தான் இருந்தாள், அவர் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பிவிடுவார்கள். எங்கேயாவது ஒரு பழைய கட்டடத்தின் வாசலையோ, பாலத்துக்கு அடியில் இருக்கிற வளைவையோ அவர் வாரம் முழுக்க மனசில் குறித்து வைத்திருப்பார். அங்கே போனதும் அவளை நிற்க வைப்பார். "ஒரு கை கதவு மேல இருக்கட்டும். மூஞ்சி வெளிச்சத்துப் பக்கம். என்னைப் பார்க்காதே. அப்படியே நில்லு, நான் கூப்பிடற வரைக்கும் அசையாதே." பிறகு அவர் பின்னால் நடந்து நடந்து இருட்டுக்குள் போய்விடுவார். அங்கிருந்து உட்கார்ந்தும் படுத்தும் பார்ப்பார், மேகம் விலகக் காத்திருப்பார். அரை மணியும் ஆகும், முக்கால் மணியும் ஆகும். கடைசியில் கிளிக் என்று ஒரு சத்தம் கேட்கும். "போதும், வா" என்பார். அவள் காலை உதறிக்கொண்டே வருவாள்.

"முப்பது வருஷமா நிக்கிறேன். அந்த வாசலுக்கு வச்ச தூண் கூட இவ்வளவு நேரம் நின்னிருக்காது" என்று அவள் கேலி செய்வாள். கேலி செய்வாளே தவிர, ஒரு வாரம்கூட வரமாட்டேன் என்று சொன்னதில்லை. எப்போதாவது ஒரு தடவை மட்டும், கேமராவைப் பையில் வைக்கும்போது பக்கத்தில் வந்து நின்று கேட்பாள். "ஏங்க, ஒரே ஒரு தடவை என் மூஞ்சி தெரியற மாதிரி எடுங்களேன். கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் எடுக்கறீங்க."

"உன்னை அப்படி எடுக்கறதா?" என்று அவர் உண்மையாகவே அதிர்ச்சியோடு கேட்பார். "நீ என்ன விண்ணப்பப் படிவமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். பேச்சு அதோடு போய்விடும்.

கடையிலும் அவள்தான் பாதி. வருகிறவர்களின் காலரைச் சரி செய்வது, முடியை ஒதுக்கிவிடுவது, முகவாயை இரண்டு விரலால் தூக்கி "இப்படி நேராப் பாருங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க" என்று சொல்வது எல்லாம் அவள் பொறுப்பு. அச்சான படத்தாளைக் கத்தரிக்கோலால் எட்டு முகமாக வெட்டி, சின்ன உறைக்குள் போட்டுக் கொடுப்பதும் அவள்தான். அந்தத் தெருவில் அவள் வெட்டாத முகம் இல்லை. அந்த நாற்காலியில் அவள் மட்டும் உட்கார்ந்ததே இல்லை.

பழைய அச்சகத்தின் வாசலில் அவளை வைத்து எடுத்த படத்துக்கு ஒரு போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. மேலே வளைந்த பெரிய மரக்கதவு, சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் சாயங்கால வெளிச்சம், அந்த வெளிச்சத்தின் விளிம்பில் கையைக் கதவில் வைத்தபடி ஒரு பெண்ணின் உருவம். பார்க்கிறவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். அவ்வளவு நல்ல படம். அதைப் பெரிதாக்கிக் கடையின் சுவரில் மாட்டியிருந்தார். அவள் தினமும் அதைத் துடைத்து வைப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் உறை மாறிப் போயிற்று. ஒருவருடைய படம் இன்னொருவருடைய உறைக்குள் போயிற்று. பிறகு அடுப்பை அணைக்க மறந்தாள். பிறகு ஒருநாள் கடையிலிருந்து வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பி, இரண்டு தெரு தள்ளி யாரோ ஒருவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயதுதான். டாக்டர் என்னென்னவோ சோதனைகள் செய்துவிட்டு, இது கூடுமே தவிரக் குறையாது என்று சொன்னார். சொல்லிவிட்டு, "ஒரு காரியம் பண்ணுங்க. முகம் தெளிவாத் தெரியற படம், உங்க போன் நம்பர், ரெண்டும் போட்டு ஒரு அட்டை செஞ்சு கழுத்துல மாட்டி விடுங்க. ஒரு பிரதியை வீட்டுலயும் வச்சுக்கங்க" என்றார். ஜன்னல்காரர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் டாக்டர் சிரித்துவிட்டார். "அப்ப உங்களுக்கு இது ஒரு வேலையே இல்ல."

அந்த வேலைதான் நாலு மாதமாக நடக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். சோம்பேறித்தனம் என்று மச்சினி திட்டினாள். அது சோம்பேறித்தனம் இல்லை, பயம். ஒருநாள் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியின் எதிரில் கிட்டே போய் உட்கார்ந்து பார்த்தார். அவள் கண்கள் அவர் மேல்தான் இருந்தன. ஆனால் யாரோ பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஆளைப் பார்க்கிற பார்வை அது.  கேமராவை மூடி வைத்துவிட்டார். அதே ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வாசலில் நிறுத்தினார். நாற்பது அடி தள்ளி நின்று பார்த்தால் அவள் பழைய மாதிரியே இருந்தாள். அதே நிற்கிற அழகு, அதே கழுத்து. எல்லாம் மறந்துகொண்டு வந்த அவளுக்கு நிற்க மட்டும் மறக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கடையில் நல்ல கூட்டம். ஏதோ தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நெருங்கியிருந்தது. ஏழு பேர் வரிசையாக நின்றார்கள். மனைவியைப் பின்னறையில் பெஞ்சில் உட்கார வைத்து, கையில் ஒரு பழைய படத்தாளையும் முனை மழுங்கிய கத்தரிக்கோலையும் கொடுத்திருந்தார். வெட்டிக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருப்பாள். ஏழாவது முகத்தை எடுத்து முடித்துவிட்டுப் பின்னறைக்குப் போனார். பெஞ்சின் மேல் கத்தரிக்கோல் இருந்தது. பாதி வெட்டிய தாள் இருந்தது. பின்கதவு திறந்திருந்தது.

முதல் பத்து நிமிடம் அவர் கலங்கவில்லை. கழிவறையில் பார்த்தார், மாடிப்படியில் பார்த்தார், பக்கத்துக் கடையில் கேட்டார். பிறகு சந்தில் ஓடினார். பிறகு பெரிய தெருவில், நடுரோட்டில், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே செருப்பு இல்லாமல் ஓடினார். மதியம் ஒரு மணிக்கு மச்சினி வந்து சேர்ந்தாள். அக்காவுக்கு ஆறு வயது இளையவள், தையல் கடை வைத்திருப்பவள், வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்குத் திட்ட நேரமில்லை அவளுக்கு. அவர் கையைப் பிடித்து நேராகக் காவல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே புகாரை எழுதிக்கொண்ட பெண் போலீஸ் பொறுமையான மனுஷி. "உயரம்?" என்று கேட்டாள்.

"கதவுத் தாழ்ப்பாள் அவ தோளுக்கு வரும்" என்றார் அவர்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. மச்சினி குறுக்கிட்டு அடிக்கணக்கில் சொன்னாள்.

"அடையாளம் ஏதாவது? மச்சம், தழும்பு?"

"மச்சம் இருக்கு. உதட்டுக்கு மேல."

"எந்தப் பக்கம்?"

அவர் வாயைத் திறந்தார். அவருக்கு அச்சகத்து வாசல் தெரிந்தது, பாலத்து வளைவு தெரிந்தது, எந்த மாதம் எந்த மணிக்கு வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்பது தெரிந்தது. மச்சம் தெரியவில்லை. "இடது..." என்று ஆரம்பித்தார்.

"வலது, மாமா" என்றாள் மச்சினி. அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"சரி, ஒரு போட்டோ குடுங்க. முகம் தெளிவா இருக்கணும்" என்ற பெண் போலீஸ், விலாசத்தில் ஸ்டூடியோ என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "உங்ககிட்ட அதுக்கா பஞ்சம்!" என்று ஆறுதலாகச் சொன்னாள்.

மாலை வரை இரண்டு பேரும் கடையிலிருந்த கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து தேடினார்கள். நாலாயிரம் படத்துக்கு மேல் இருந்தது. நாலாயிரத்திலும் அவள் இருந்தாள். கதவில் சாய்ந்து நின்றாள், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றாள், இலைகளுக்கு நடுவில், குழாய்க்குள், படிக்கட்டின் மேல்முனையில், பஸ்ஸின் மழைக்கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள். எங்கும் உருவம் இருந்தது. முகம் எங்கும் இல்லை. அவர் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். பெரிதாக்க ஆக்க முகம் இருக்கிற இடம் கறுத்த கட்டங்களாக உடைந்துபோயிற்று. ஏதாவது ஒன்றில் இருக்கும், ஏதாவது ஒன்றில் தவறிப்போய் இந்தப் பக்கம் திரும்பியிருப்பாள் என்று நம்பி மவுஸை அழுத்திக்கொண்டே இருந்தார். அவள் ஒருதடவைகூடத் திரும்பியிருக்கவில்லை. அவ்வளவு நன்றாகச் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தாள்.

"எங்க கல்யாணப் படம் இருக்கே?" என்றார்.

"இருபத்திரெண்டு வயசுப் பொண்ணையா தேடப் போறாங்க?"

அடையாள அட்டையை எடுத்து வந்தார். பதினேழு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஓர் அலுவலகத்தில் எடுத்தது. முகத்தின் மேல் யாரோ மையைக் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது.

"உன் செல்லுல?" என்று கேட்டார்.

மச்சினி தன் செல்லை அவர் முன்னால் வைத்தாள். அக்காவின் படம் நாலு இருந்தது. நாலிலும் அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றிருந்தாள். "யாரு படம் எடுக்கக் கையைத் தூக்கினாலும் தானா திரும்பிடறா. எல்லாம் நீங்க பழக்கின பழக்கம்" என்றாள். பிறகு அவளுக்கு அடக்க முடியவில்லை. "ஊர்ல இருக்கிற கழுதை குதிரைக்கெல்லாம் ரெண்டு காதும் தெரியற மாதிரி எடுத்துக் குடுத்தீங்களே மாமா. எங்க அக்காவுக்கு ஒண்ணே ஒண்ணு எடுக்க உங்களுக்குக் கை வரலையா?"

 அவர் அந்த நாலு படத்தையும் மறுபடி ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தார். இன்னும் நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

வேறு வழியில்லாமல் அடையாள அட்டைப் படத்தையும் அச்சகத்து வாசல் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, காணவில்லை என்று நோட்டீஸ் அடித்தார்கள். ஒரு பக்கம் கறுப்பு முகம், இன்னொரு பக்கம் அழகான கதவு. புதன்கிழமை காலையிலிருந்து அவரே பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராக ஒட்டினார். ஆஸ்பத்திரி வாசலில், ரயில் நிலையத்தில், காய்கறிக் கடைகளில் எல்லாம் நோட்டீஸைக் காட்டினார். எல்லாரும் நின்று பார்த்தார்கள். அவர் சொன்ன மாதிரியே பார்க்கிறவர் கண் நேராக நடுவில் போய்த்தான் விழுந்தது. விழுந்து என்ன பயன்? "நல்லா எடுத்திருக்காங்க" என்றார் ஒருவர். "முகம் தெரியலையே ஐயா, இதை வச்சு நான் யாரைன்னு பார்க்கறது?" என்று ஒரு பழக்காரம்மா வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் டீக்கடைக்காரர்தான் நோட்டீஸைக் கையில் வாங்கி நிமிர்த்திப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கதவு பழைய அச்சகத்துக் கதவுதானே?" என்றார்.

"ஆமா."

"அங்க போய்ப் பார்த்தீங்களா?"

ஜன்னல்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. மூன்று நாளாக ஊரெல்லாம் சுற்றியிருக்கிறார். அவர் மனைவிக்குக் காலால் தெரிந்த இடம் எது என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்கவில்லை.

அச்சகம் இப்போது அட்டைப்பெட்டிக் கிடங்கு. கேட்டில் உட்கார்ந்திருந்த காவலாளி நோட்டீஸில் அவள் உருவத்தைக்கூடப் பார்க்கவில்லை, கையை வைத்த விதத்தைப் பார்த்தார். "இந்தம்மாவா? இப்படியேதான் நின்னாங்க. செவ்வாய்க்கிழமை. காலையில லோடு இறங்கறப்ப வந்தாங்க. கதவுல கையை வச்சுக்கிட்டு, வெளிய பார்த்துக்கிட்டு. யாரையோ எதிர்பார்க்கறாங்கன்னு விட்டுட்டேன். மத்தியானம் தண்ணி குடுத்தேன், குடிச்சாங்க. மறுபடி அதே மாதிரி நின்னுக்கிட்டாங்க."

"எவ்வளவு நேரம்?"

"ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டணுமே. போங்கம்மான்னு சொன்னேன். 'அவர் இன்னும் கூப்பிடலையே'ன்னாங்க." காவலாளி சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "எந்த அவர்னு எனக்கு எப்படி சார் தெரியும்? வெளியில கொண்டுபோய் விட்டுட்டுப் பூட்டிட்டேன். பெரிய ரோட்டுப் பக்கம் நடந்தாங்க."

ஒன்பது மணி நேரம். அவர் பின்கதவு வழியாக ஓடி, பெரிய தெருவில் கத்தி, காவல் நிலையத்தில் மச்சம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் விழித்து, நாலாயிரம் படத்தில் அவளைத் தேடிக்கொண்டிருந்தாரே, அந்த நேரமெல்லாம் அவள் இங்கேதான் நின்றிருக்கிறாள்.

அவர் போய் அந்த இடத்தில் நின்று பார்த்தார். கையைக் கதவில் வைத்தார். சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. எதிரே குப்பைமேடும் ஒரு மின்கம்பமும்தான் இருந்தன. திரும்பிக் கூடத்துக்குள் பார்த்தார். ஒரே இருட்டு. அங்கே ஒரு ஆள் படுத்துக்கொண்டு கேமராவில் பார்த்தால்கூட இங்கிருந்து தெரியாது. முப்பது வருடமாக அவளுக்கு அவர் தெரிந்ததே இல்லை. ஒரு கிளிக் சத்தத்தையும் இரண்டு வார்த்தையையும் நம்பி நின்றிருக்கிறாள்.

 "போதும், வா" என்று சொல்லிப் பார்த்தார். காவலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அதன்பிறகு நாலு நாள் ஓடிற்று. அவர் தெரிந்த வாசல்களுக்கெல்லாம் போனார். பாலம், படிக்கட்டு, இடிந்த மாளிகை, ஆற்றோரத்துச் சுற்றுச்சுவர், ஒன்று விடவில்லை. ஒவ்வொரு வாசலும் காலியாக இருந்தது. முன்பெல்லாம் ஆள் இல்லாத வாசலைக் கண்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும். இப்போது பார்க்கவே பயமாக இருந்தது.

திங்கள்கிழமை காலை மச்சினி கண்டுபிடித்தாள். ஊரின் அந்தக் கோடியில், ஆதரவில்லாதவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதி. செவ்வாய்க்கிழமை இரவே யாரோ ரோட்டிலிருந்து வண்டியில் ஏற்றி வந்து விட்டிருக்கிறார்கள். மச்சினி நோட்டீஸை நம்பவில்லை. எல்லா விடுதிக்குள்ளும் நேராகப் போய், ஒவ்வொரு கட்டிலாகத் தானே முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அப்படித்தான் கிடைத்தாள் அக்கா.

ஜன்னல்காரர் போய்ச் சேர்ந்தபோது விடுதியின் வாசல் பலகையில் அவர் ஒட்டிய நோட்டீஸ் இருந்தது. அவரே புதன்கிழமை வந்து ஒட்டிவிட்டுப் போனதுதான். அவள் அப்போது உள்ளே இருந்திருக்கிறாள், இருபது அடி தூரத்தில். விடுதிப் பொறுப்பாளர் அம்மா கையைப் பிசைந்துகொண்டு சொன்னாள்: "தினமும் இதைப் பார்த்துட்டுத்தான் சார் உள்ள போறேன். ரெண்டு தடவை இந்தம்மா பக்கத்துல வச்சுக்கூடப் பார்த்தேன். ஒத்து வரலை, பேரைக் கேட்டாலும் சொல்லத் தெரியலை. நாங்களே ஒரு படம் எடுத்துப் போலீசுக்கு அனுப்பலாம்னா, செல்லைத் தூக்கினாலே எழுந்து வாசலுக்குப் போயிடறாங்க. ஓடிப்போகப் பார்க்கறாங்கன்னு நினைச்சு உள்ள கட்டில்ல உக்கார வச்சுட்டோம்."

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பாதங்கள் வீங்கியிருந்தன. அவரைப் பார்த்துச் சிரித்தாள். தெரிந்து சிரித்தாளா, மரியாதைக்குச் சிரித்தாளா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவர் அவள் முகத்தையே பார்த்தார். மச்சம் வலது பக்கம்தான் இருந்தது.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் வேறு வாடிக்கையாளர் யாரையும் உள்ளே விடவில்லை. வெள்ளைத் திரையை இழுத்துவிட்டார். இரண்டு விளக்கையும் போட்டார். மச்சினி அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, முடியை ஒதுக்கி, முகவாயை இரண்டு விரலால் தூக்கிவிட்டாள். கழுத்தில் மாட்டுகிற அட்டை, அதற்கான நாடா, எல்லாம் மேசைமேல் தயாராக இருந்தன. படம் ஒட்ட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

"இன்னிக்கு உன் மூஞ்சியை எடுக்கப் போறேன்மா. நேரா என்னையே பாரு" என்றார். 

அவள் பார்த்தாள். அவர் கேமராவைத் தூக்கினார். தூக்கின அடுத்த நொடி அவள் எழுந்தாள், நேராகப் பின்கதவுக்குப் போனாள், ஒரு கையைக் கதவில் வைத்துக்கொண்டு முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி நின்றாள்.

மச்சினி கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தாள். அவர் மறுபடி தூக்கினார். அவள் மறுபடி எழுந்து போனாள். மச்சினி பின்கதவைச் சாத்தினாள். அவள் ஜன்னலுக்குப் போனாள். தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தால் பயந்துபோய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கேமராவை மறைத்து வைத்துவிட்டுச் செல்லில் எடுக்கப் பார்த்தார்கள். அதற்கும் எழுந்தாள், வெளியே சந்தில் நின்று எடுக்கப் பார்த்தால் முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டாள். நேற்று ராத்திரி தூங்கும்போது மச்சினி ஒரு படம் எடுத்து வைத்திருந்தாள். கண் மூடியிருந்த அந்த முகத்தை அட்டையில் ஒட்டி அவள் கழுத்தில் மாட்டிவிட அவருக்கு மனசு வரவில்லை. மச்சினிக்கும் வரவில்லை.

"இன்னொரு தடவை போயிட்டாள்னா என்ன மாமா பண்றது?" என்றாள் மச்சினி. அவள் கேட்டதில் கோபமே இல்லை.

அவர் போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டார். மனைவி ஜன்னலை விட்டுவிட்டு அங்கே வந்து நின்றுகொண்டாள். கை தானாகக் கதவுக்குப் போயிற்று. கழுத்து தானாகத் திரும்பிற்று. தாழ்ப்பாள் சரியாகத் தோளுக்கு வந்தது. வீங்கின பாதத்தில் ஒன்றை லேசாகத் தூக்கித் தூக்கி வைத்தாள்.

"போதும்மா, வா. வந்து உக்காரு" என்றார் அவர்.

அவள் அசையவில்லை. வெளியே பார்த்தபடியே, "இன்னும் சத்தம் வரலையே" என்றாள்.

அவர் மச்சினியைப் பார்த்தார். மச்சினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவிக்குக் கால் வலிக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவர் கேமராவைத் தூக்கி, அழுத்தினார்.

கிளிக் என்று சத்தம் கேட்டது. அவள் காலை உதறிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

படத்தில் கதவு நன்றாக வந்திருந்தது.